பந்தய விமானம் வேண்டுமா, விமானப் பந்தயம் வேண்டுமா?

போன தை மாதம் டல்லஸிலிருந்து மருமகன் வந்திருந்தான். அக்கா மகன். மூன்று வருஷமாக வாரக் கடைசியில் வாடகை விமானம் எடுத்து ஓட்டுகிறான், கையில் உரிமமும் இருக்கிறது. மதியம் சாப்பிட்டு முகப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். "மாமா, சொந்தமா ஒரு சின்ன பிளேன் கட்டி ரேஸ் விடலாம்னு இருக்கேன். நீங்க ஏர்ஃபோர்ஸ்ல ஏர்ஃபிரேம் பாத்தவுங்க. எதுல ஆரம்பிக்கலாம்?" ஏர்ஃபிரேம் என்றால் விமானத்தின் உடற்கட்டு.

தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பவன், இடையில் புகுந்தான். "தாத்தா, அதெல்லாம் அமெரிக்காவுல. இங்கன இருந்துக்கிட்டுச் செய்ய முடியாதா?"

இரண்டு பேருக்கும் அன்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன். அப்புறம் யோசித்துப் பார்த்ததில் பாதி தப்பாகச் சொன்னது தெரிந்தது. சரியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். விமானம் கட்டுவது ஒரு பொழுதுபோக்கு, ஓட்டுவது இன்னொன்று, பந்தயம் விடுவது மூன்றாவது. நம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தையே பாருங்கள். கன்றிலிருந்து வளர்த்து, தீனி போட்டு, பழக்கிக் கொண்டுவருகிறவர் உண்டு. ஓடிக் காட்டிய மாட்டை விலை பேசி வாங்கிப் பூட்டுகிறவரும் உண்டு. வண்டியில் ஏறும் சாரதி பெரும்பாலும் இவர்கள் இரண்டு பேருமே இல்லை. மூன்று பேரும் பந்தயக்காரர்கள்தான், ஆனால் மூன்று பேருக்கும் பிடித்தது வேறு வேறு. "எனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டுக்கொள்ளாமல் கிட்டுக்கு (பாகம் பாகமாக வரும் விமானத்துக்கு) முன்பணம் கட்டுகிறவரின் ஷெட்டில்தான் பாதியில் நின்ற வால்பகுதி தூசி படிந்து தொங்கும்.

பந்தயத்திலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பைலான் பந்தயம். கம்பங்களை நட்டு, அவற்றைச் சுற்றித் தாழப் பறந்து, ஏழெட்டு விமானங்கள் ஒன்றையொன்று முந்துவது. நெவாடாவின் ரீனோவில் 1964 முதல் 2023 வரை நடந்ததும், 2025-இல் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லுக்கு இடம் மாறியதும் இதுதான். மற்றது நீண்ட தூரப் பந்தயம். சில இடங்களைத் திருப்புமுனையாகக் குறித்து, அவற்றைச் சுற்றி நூறு மைல் சொச்சம் ஓட்டி, நேரத்தைக் கணக்குப் பார்ப்பது. அமெரிக்காவில் ஸ்போர்ட் ஏர் ரேஸிங் லீக் என்ற அமைப்பு 2007-இல் தொடங்கி நடத்திவருவது இந்த வகை. ஆஷ்கோஷ் என்ற ஊரில் நடக்கும் விமான விழாவை ஒட்டி 1998 முதல் நடக்கும் ஏர்வென்ச்சர் கோப்பையும் இதே வகைதான். இங்கிலாந்தில் 1922-இல் தொடங்கிய கிங்ஸ் கப்பில் இன்னொரு சுவாரசியம் உண்டு. மெதுவான விமானத்தை முதலிலும் வேகமானதைக் கடைசியிலும் கிளப்பிவிடுவார்கள். கணக்கு சரியாக இருந்தால் எல்லாம் கோட்டை நெருங்கும்போது ஒரே கும்பலாக வந்து சேரும்.

பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று இங்கே வண்டிப் பந்தயத்தில் பிரிப்பது போல அங்கேயும் பிரிவுகள் உண்டு. வீட்டில் கட்டியவனுக்கு ஒத்துவருவது முக்கியமாக இரண்டு: ஃபார்முலா ஒன், கிட்டில் கட்டிய வேகமான விமானங்களுக்கான ஸ்போர்ட். மருமகன் ஆசைப்பட்டது ஃபார்முலா ஒன். அதிலிருந்தே வருகிறேன்.

ஒற்றை இருக்கைக் காஸட்

கார் பந்தயத்துப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஃபார்முலா ஒன் விமானம் பூஞ்சிட்டு மாதிரி, சின்னது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின்: கான்டினென்டல் ஓ-200, 200 கன அங்குலம், 100 குதிரைத்திறன். பழைய செஸ்னா 150 பயிற்சி விமானத்தில் இருக்கும் அதே எஞ்சின்தான். இறக்கைப் பரப்பு 66 சதுர அடிக்குக் குறையக் கூடாது, வெற்று எடை 500 பவுண்டுக்குக் குறையக் கூடாது, சக்கரம் மடங்கக் கூடாது, புரொப்பெல்லர் கோணம் மாறக் கூடாது. சாதாரணமாக நிமிஷத்துக்கு 2750 சுற்றில் ஓட வேண்டிய எஞ்சினைப் பந்தயத்தில் 4000-க்கு மேல் விரட்டி, மணிக்கு 400 கி.மீ. வரை எடுக்கிறார்கள்.

இந்தப் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த வடிவம் காஸட் ஸ்பெஷல். டாம் காஸட் என்ற பயணிகள் விமான பைலட் 1950-களில் தனக்காக வடிவமைத்தது. உடம்பு பற்றவைத்த எஃகுக் குழாய், இறக்கை மரம். இறக்கை ஒரே துண்டாக 15 அடி நீளம், அகலம் நாலரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. இதைப் படித்ததும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அக்கா வீட்டு வாசல் நிலையின் அகலத்தை அளந்தேன். நாலடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. ஒருக்களித்துப் பிடித்தால் இறக்கை வளவிலிருந்து (உள்முற்றத்திலிருந்து) முகப்பு வழியாகத் தெருவுக்கு வந்துவிடும். நம் செட்டிநாட்டு வீடுகளில்தான் முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரிகிறமாதிரி எல்லா நிலையும் ஒரே கோட்டில் இருக்கிறதே! விமானம் கட்டி முடித்து வெளியே எடுக்க முடியாமல் சுவரை இடித்தவர்கள் கதை அமெரிக்காவில் உண்டு. அந்தக் கவலை இங்கே இல்லை. நிலையைச் செதுக்கிய ஆசாரியின் பேரன் கிடைத்தால் இறக்கைச் சட்டத்தையும் இழைத்துவிடுவான், தேக்கில் மட்டும் வேண்டாம். அதற்கு ஸ்ப்ரூஸ் என்ற லேசான மரம்தான் வேண்டும். தேக்கு பாரம்.

வேடிக்கை போகட்டும். காஸட்டைப் பற்றி எனக்குள்ள பெரிய ஆட்சேபணை செலவு இல்லை. பழைய காஸட் ஒன்றை ஒரு புதுக் காரின் விலைக்குள் வாங்கிவிடலாம். ஆட்சேபணை என்னவென்றால் அதில் ஒரு இருக்கைதான். பின்னால் உட்கார்ந்து "கொஞ்சம் விடு, இப்போ பிடி" என்று சொல்ல வாத்தியார் கிடையாது. நீங்கள் அதில் பறக்கும் முதல் நொடியே தனியாகப் பறக்கும் நொடி. மூன்றாவது சக்கரம் வாலடியில் இருக்கும் வால்சக்கர விமானம் அது, தரையிறங்கும் வேகமும் அதிகம், மூக்கு மறைப்பதால் முன்னால் ஓடுபாதை சரியாகத் தெரியாது. வாடகை செஸ்னாவில் நூறு மணி நேரம் ஓட்டியவன் நேரே இதில் ஏறுவது, டவுன்பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனைப் பந்தய வண்டியில் சாரதியாக ஏற்றுவது மாதிரி.

அதோடு, விமானம் இருந்தால் மட்டும் பைலான் பந்தயத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் ஒவ்வொரு ஜூனிலும் நடக்கும் பயிற்சி முகாமில் தேற வேண்டும். கூட்டமாகப் பறப்பது, முந்துவது, எஞ்சின் நின்றால் மேலே எழும்பி ஓடுபாதைக்குத் திரும்புவது எல்லாம் அங்கே பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். பந்தயத்துக்கு ஏற்ற காஸட்டை வருஷத்தில் ஒரு வாரப் பந்தயத்துக்கும் ஒரு வார முகாமுக்கும் எடுத்துவிட்டு, மீதி நாளெல்லாம் ஷெட்டில் வைத்துப் பூட்ட வேண்டியதுதான். பெண்டாட்டி, பிள்ளையை ஏற்றி ஒரு இடத்துக்குப் போக முடியாது.

ஆர்.வி. கிட் வாங்கிக் கட்டுவது

அமெரிக்காவில் வீட்டில் கட்டும் விமானம் என்றால் பத்தில் பாதிப் பேர் ஆர்.வி. என்றுதான் ஆரம்பிப்பார்கள். ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வென் தொடங்கிய வான்ஸ் நிறுவனத்தின் கிட். இதுவரை பறந்தவை பதினோராயிரத்துக்கும் மேல். அலுமினியத் தகடு, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி, சொன்னபடி செய்தால் சொன்னபடி வரும். கட்டுகிறவன் பாதிக்கு மேல் தன் கையால் செய்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 51 சதவீத விதி என்பார்கள்.

ரிவெட் அடிப்பது எப்படி என்று மருமகனுக்குப் பழைய கதவுத் தகட்டில் காட்டினேன். துளை போட்டு, பிசிறு எடுத்து, தலை பதிய குழி விட்டு, ரிவெட்டைச் செருகி, வெளியே ஒருவர் ரிவெட் கன்னைப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் உள்ளே கையை விட்டு, பக்கிங் பார் என்ற கனத்த இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் முட்டுக்கொடுக்க வேண்டும். டர்ர்ர் என்று ஒரு நொடி, அவ்வளவுதான். நசுங்கிய வால் தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால், வெடித்திருந்தால், மெலிந்திருந்தால் தலையைத் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி. கன் ஒரு இழை நழுவினால் தகட்டில் பிறைநிலா மாதிரி ஒரு பள்ளம் விழும், அது அந்த விமானத்தின் ஆயுசுக்கும் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். மருமகன் பன்னிரண்டு அடித்தான். அதில் ஏழு தேறாது என்று தள்ளினேன். ஒரு ஆர்.வி.யில் இது பத்தாயிரத்துக்கும் மேல்.

அந்தப் பன்னிரண்டை அடிக்கும்போது அவன் முகத்தைத்தான் கவனித்தேன். ஏழு போனதில் எரிச்சல் வந்ததே தவிர, தேறிய ஐந்தைத் தடவிப் பார்க்கவில்லை. விமானம் கட்டப் பிறந்தவன் தேறியதைத் தடவிப் பார்ப்பான். என் பழைய செக்‌ஷனில் இரண்டு பேர் அப்படி இருந்தார்கள்.

கணக்கும் போட்டுக் காட்டினேன். ஒரு ஆர்.வி.க்கு சுமார் 2000 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்து வந்து தினம் இரண்டு மணி நேரம், ஐந்து நாள். ஞாயிறு ஐந்து மணி நேரம். வாரத்துக்கு 15. அப்படியானால் 133 வாரம், இரண்டரை வருஷம், ஒரு வாரம்கூட விடாமல். கல்யாணம், காய்ச்சல், ஆபீஸ் வேலை எல்லாம் சேர்த்தால் நாலு, ஐந்து. அந்த நாலைந்து வருஷமும் கட்டும் செலவில் கை கடிப்பதால் வாடகை விமானம் ஓட்டுவதும் குறையும். விமானம் தயாராகும்போது ஓட்டுகிறவன் துருப்பிடித்திருப்பான். புது விமானத்தின் முதல் பறப்பில் மட்டும் அது நடக்கவே கூடாது. அப்புறம் 25 முதல் 40 மணி நேரம் சோதனைப் பறப்பு. அதுவும் முடிந்தால்தான் பந்தயம்.

பணப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023-இல் வான்ஸ் நிறுவனத்துக்கு லேசரில் வெட்டிய பாகங்களில் விரிசல் பிரச்சினை வந்தது. அந்த டிசம்பரில் கடனை ஒழுங்குபடுத்த நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2024-இல் மீண்டுவிட்டார்கள். ஆனால் இடையில் கிட் விலை ஏறியது, முன்பணம் கட்டியவர்கள் கூடுதலாகக் கட்டினார்கள். நல்ல நிறுவனத்துக்கே இப்படி. கிட் வாங்குவது என்றால் பல வருஷத்துக்கு ஒரு நிறுவனத்தோடு சம்பந்தம் வைத்துக்கொள்வது.

இதில் கிடைக்கும் ஒரு பெரிய லாபத்தை மறைக்கக் கூடாது. கட்டியவருக்கே அந்த விமானத்துக்கான ரிப்பேர்மேன் சான்று கிடைக்கும், வருஷாந்தரச் சோதனையைத் தானே செய்து கையெழுத்துப் போடலாம். பழசு வாங்கியவர் அதற்கு மெக்கானிக்கிடம் போக வேண்டும். கட்டுவதில் நிஜமாகவே சுகம் காண்கிறவருக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்துக்காரரான அசோக் தாமராட்சன் லண்டன் பக்கம் கொரோனா ஊரடங்கில் ஸ்லிங் டிஎஸ்ஐ என்ற நாலு இருக்கை விமானத்தைக் கட்டி முடித்து, குடும்பத்தோடு ஐரோப்பா சுற்றினார். விமானத்துக்கு மகள் பெயரை வைத்தார். அது பந்தயத்துக்குக் கட்டியது இல்லை, குடும்பத்துக்குக் கட்டியது. அதனால்தான் முடிந்தது என்று நினைக்கிறேன்.

பறந்துகொண்டிருப்பதை வாங்குவது

மருமகனுக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான். யாரோ கட்டி, நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்து, கோளாறெல்லாம் வெளியே வந்து தீர்ந்த ஆர்.வி.-4 அல்லது ஆர்.வி.-6 வாங்கு. ஆர்.வி.-4-இல் முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, ஆர்.வி.-6-இல் பக்கத்தில் பக்கத்தில். வாத்தியார் ஏறலாம், பெண்டாட்டி ஏறலாம். மணிக்கு 300 கி.மீ.க்குக் குறையாத வேகம். முதல் வருஷமே நீண்ட தூரப் பந்தயத்தில் பெயர் கொடுக்கலாம்.

அந்த வகைப் பந்தயத்தில் தொடக்கக்காரருக்கு ஏற்ற குணம் ஒன்று உண்டு. கிங்ஸ் கப்புக்கு நேர்மாறாக, அமெரிக்காவில் வேகமானதை முதலில் விட்டு, இடைவெளி கொடுத்து ஒவ்வொன்றாகக் கிளப்புவார்கள். அதனால் முந்தும் தேவையே அதிகம் வராது. இறக்கையை ஒட்டி இன்னொருவன் வரமாட்டான். உங்கள் எதிரி கடிகாரம்தான். எஞ்சின் அளவுக்கும் வகைக்கும் ஏற்பப் பிரிவு இருப்பதால், உங்களைப் போன்ற விமானத்தோடுதான் உங்கள் நேரத்தை ஒப்பிடுவார்கள். தோற்றாலும் விமானத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்துவிடலாம்.

அப்புறம்தான் கைவேலைக்காரனுக்குக் கொண்டாட்டம். வேகம் பத்து சதவீதம் கூட வேண்டும் என்றால், எஞ்சின் சக்தி 33 சதவீதம் கூட வேண்டும். காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் படியாக ஏறும். 150 குதிரை எஞ்சினை 200 ஆக்கினால்தான் அந்தப் பத்து சதவீதம். அவ்வளவு செலவழிப்பதற்குப் பதில் இழுவையைக் குறைக்கலாம்: சக்கரக் கவசத்தின் விளிம்பை ஒட்டி மூடுவது, சக்கரத்தின் கால் உடம்போடு சேரும் மூலையில் வளைவான உறை போடுவது, விமானத்தைத் திருப்பும் கட்டுப்பாட்டுப் பலகைகளின் இடைவெளியை அடைப்பது, எஞ்சினைக் குளிர்விக்கும் காற்று வீணாகக் கசியும் ஓட்டையை ரப்பரால் அடைப்பது. ஒவ்வொன்றும் ஒரு மைல், அரை மைல்தான் தரும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒன்றாகச் செய்து நேரத்தை எழுதிவைத்தால், கட்டும் ஆசையும் ஓட்டும் ஆசையும் ஒரே விமானத்தில் தீரும்.

திருப்பத்தையும் கற்றுக்கொள்ளலாம். 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால் உடம்பு இரண்டு மடங்கு கனக்கும். இறக்கை சுமப்பதும் இரண்டு மடங்கு, இழுவையும் ஏறும். மெல்லத் திருப்பினால் தூரம் கூடும், வெட்டித் திருப்பினால் வேகம் போகும். இரண்டுக்கும் நடுவில் எங்கே என்று ஒவ்வொரு விமானத்துக்கும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வண்டிப் பந்தயத்தில் எல்லைக் கொடியைச் சுற்றித் திரும்பும்போது ஜெயித்தவனும் தோற்றவனும் பிரிகிறார்களே, அங்கேயும் அதே கதைதான்.

பழசு வாங்குவதில் உள்ள ஆபத்து, கட்டியவரின் கை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாததுதான். அதற்கு ஒரே வழி, அந்த ரகத்தை அறிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய் ஒரு நாள் முழுக்கத் தகட்டைக் கழற்றிப் பார்ப்பது. அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம். 2011-இல் ரீனோவில் பி-51 விமானம் ஒன்று பார்வையாளர் பக்கம் விழுந்து, விமானியோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள். வீட்டில் கட்டியது இல்லை, போர்க்கால விமானம். விசாரணையில் காரணமாக வந்தது, வால் பகுதியில் ஒரு சின்னப் பலகையைப் பிடித்திருந்த தானாகப் பூட்டும் நட்டுகள். உள்ளே இருக்கும் பிடிமானம் தேய்ந்துபோய், திருகு தளர்ந்து, பலகை அதிர ஆரம்பித்துவிட்டது. பணியில் இருந்த காலத்தில் பழைய லாக் நட்டை மறுபடி போட்டவனை எங்கள் சார்ஜென்ட் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். அப்போது கோபம் வந்தது. பதினோரு பேர் செய்தியைப் படித்த அன்று வரவில்லை.

இன்னொரு வழியும் உண்டு, செலவே இல்லாதது. ஒரு பந்தயக்காரருக்கு உதவியாளாகப் போய் நிற்பது. காற்றழுத்தம் பார்ப்பது, கண்ணாடி துடைப்பது, நேரம் குறிப்பது. மருமகனுக்கு வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு சீசன் அப்படிப் போகச் சொல்லியிருக்கிறேன். அங்கே நின்றால் தெரிந்துவிடும், அவனுக்குப் பந்தயம் பிடிக்கிறதா, பந்தயத்தைப் பற்றிய வீடியோ பிடிக்கிறதா என்று.

சரி, இங்கே?

ஐ.டி.ஐ. பையனின் கேள்விக்கு வருகிறேன். செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட ஓடுபாதை ஒன்று கிடக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதைக் காட்டித்தான் அவன் ஆசையை வளர்த்திருக்கிறான். சோழவரத்திலும் போர்க்கால ஓடுபாதைதான், அதில்தான் பல வருஷம் கார் பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை வரும் வரைக்கும் தென்னாட்டின் மோட்டார் பந்தயத்துக்கு அதுதான் வீடு. கோவையின் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, பையன்களுக்குக் குறைந்த செலவில் ஓட்டக் கொடுத்தார். கார் பந்தயத்தில் நம் ஊர்க்காரர்கள் செய்த அதை விமானத்தில் ஏன் செய்யக் கூடாது என்று அவன் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் காருக்குக் கேட்கும் அனுமதியும் வானத்துக்குக் கேட்கும் அனுமதியும் ஒன்றில்லை. மும்பையில் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டிய அமோல் யாதவ், தானே ஒரு விமானி. 2016-இல் கண்காட்சியில் நின்ற அந்த விமானத்துக்குப் பதிவு எண் கிடைத்தது 2017 நவம்பரில். அதற்குப் பிறகும் பறக்கும் அனுமதிக்குத் தனியாகக் காத்திருந்தார். அவரவர் பொறுமையைப் பொறுத்தது. பதினெட்டு வயதுப் பையனை அந்த வழியில் நான் அனுப்ப மாட்டேன்.

கம்ப்யூட்டரில் ஓட்டுவது ஒரு வழி. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் ரீனோ பந்தயத்துக்கென்றே 2021-இல் ஒரு தொகுப்பு வந்தது. கோடு பிடித்துத் திரும்பக் கற்றுக்கொள்ள நல்லது. கம்ப்யூட்டருக்கு ஆகும் காசுக்கு இன்னொன்று செய்யலாம் என்பதால் அதைத் தாண்டிப் போகிறேன்.

அந்த இன்னொன்று, ரிமோட்டில் ஓட்டும் மாடல் விமானப் பைலான் பந்தயம். விளையாட்டுப் பிள்ளை வேலை என்று நினைக்க வேண்டாம். எஃப்3டி என்ற உலகப் போட்டி வகையில் மூன்று கம்பங்களை நட்டு, சுற்றுக்கு 400 மீட்டர், பத்துச் சுற்று. கையகலம் உள்ள எஞ்சினில் 300 கி.மீ. வேகம் தாண்டும். கட்டுவது, ஓட்டுவது, பந்தயம் மூன்றும் ஒரு மாதத்துக்குள் கிடைக்கும். விழுந்தால் குனிந்து பொறுக்கிக்கொண்டு வரலாம்.

சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். 2021-இல் வந்த டிரோன் விதிகளில் மாடலுக்குத் தனி இடம் உண்டு: 25 கிலோவுக்கு மேற்படாமல், படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ, கண்ணுக்கெட்டும் தூரத்தில் மட்டும். வகைச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். 2 கிலோவுக்குள், வியாபார நோக்கமில்லாமல் பறக்கவிட்டால் விமானி உரிமமும் வேண்டாம். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசு வரைபடத்தில் பச்சை மண்டலம் என்றால் 400 அடி வரை போகலாம். ஆனால் அரசுத் தளத்தில் பதிவெண் வாங்க வேண்டும், பறக்கவிடும் அன்று வரைபடத்தைப் பார்க்கவும் வேண்டும். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதை மறந்துவிடக் கூடாது. விதி மாறிக்கொண்டே இருக்கும், என்னை நம்பி உட்காராமல் நீங்களே ஒரு தரம் படித்துவிடுங்கள். 2022 முதல் முழு டிரோன் இறக்குமதிக்குத் தடை, பாகங்களுக்கு இல்லை. நமக்குப் பாகம்தானே வேண்டும்.

இடம்? அந்த ஓடுபாதைப் பக்கமே போக வேண்டாம். கண்மாய் இருக்கிறதே. பங்குனி பிறந்தால் நம் பக்கத்துக் கண்மாய்கள் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடக்கும். ஒரு பக்கம் கரை, மறுபக்கம் கருவேலம், நடுவே கண்ணுக்கெட்டும் தூரம் பொட்டல். ஊர்த் தலைவரிடம் ஒரு வார்த்தை, மாடு மேய்க்கிறவரிடம் இரண்டு வார்த்தை. தரை வெடித்துக் கிடப்பதால் சக்கரம் வைத்து ஓடிக் கிளம்ப முடியாது. கையால் வீசி, வயிற்றில் இறக்க வேண்டியதுதான். சக்கரம் இல்லாததால் இழுவையும் குறைவு.

பால்சா என்ற லேசான மரக்கட்டை வாங்கித்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. ஃபிளெக்ஸ் கடையில் கிடைக்கும் 5 மில்லிமீட்டர் சன்போர்டு என்ற நுரைப் பலகை போதும். இறக்கை முக்கால் மீட்டர், மொத்த எடை அரைக் கிலோவுக்குள். 2212 அளவு மோட்டார் 2200 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் 2200 சுற்று), ஆறு அங்குலப் புரொப்பெல்லர், மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, 30 ஆம்பியர் ஸ்பீடு கன்ட்ரோலர், பலகைகளை அசைக்கும் 9 கிராம் சர்வோ மோட்டார். ரிமோட்டும் சார்ஜரும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் முடியும். 100 கி.மீ.க்குக் கிட்டப் போகும். பையன் முதலில் தெர்மாகோலில் இறக்கை வெட்டி, ஃபெவிக்விக் விட்டு ஒட்டினான். இறக்கை நடுவே கொழுக்கட்டை அளவுக்குக் கரைந்து குழி விழுந்தது. ஃபெவிக்விக் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்தப் பழி என்னுடையது. பேட்டரியை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் வைக்காதே என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். எல்லோருக்கும் ஒரே மோட்டார், ஒரே புரொப்பெல்லர், ஒரே பேட்டரி. மோட்டார் விலையில் போட்டி ஆரம்பித்தால் காசுள்ளவன் ஜெயிப்பான், மற்றவன் இரண்டாம் மாதம் வரமாட்டான். ஃபார்முலா ஒன்னில் எல்லோருக்கும் ஓ-200 என்று எஞ்சினைக் கட்டிவைத்திருப்பதும் இதற்குத்தான். கட்டுவதில் எவன் கை சுத்தமோ, திருப்புவதில் எவன் கண் சரியோ, அவன் ஜெயிக்கட்டும்.

சித்திரை கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்கு மூன்று பையன்களோடு போனோம். நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு சவுக்குக் கம்பு, உச்சியில் சிவப்புத் துணி. ஓட்டுகிறவர்கள் கோட்டுக்குப் பின்னால், கம்பத்தடியில் கொடி காட்டுகிறவன் தலையில் பைக் ஹெல்மெட். பத்துச் சுற்று. ஒருவன் மூன்றாவது சுற்றில் கருவேலத்தில் தொங்கவிட்டான். முள்ளில் ஏறி எடுத்ததில் விமானத்துக்குச் சேதமில்லை, சட்டைக்குத்தான். ஒருவன் 2 நிமிஷம் 11 விநாடி. ஐ.டி.ஐ. பையன் 1 நிமிஷம் 48. இறங்கியதும் அவன் செய்த முதல் காரியம், இறக்கை நுனியைத் தடவிப் பார்த்து, "இங்கன டேப் தூக்கிக்கிட்டு நிக்கிது தாத்தா, இதை ஒட்டினா ரெண்டு செகண்டு கொறையும்" என்றது.

அந்தப் படத்தை மருமகனுக்கு அனுப்பினேன். அவன் மெக்கானிக்கோடு ஒரு ஆர்.வி.-4-ஐப் பார்க்கப் போன இடத்தில் இருந்தான். என்ன நிலைமை என்று கேட்டதற்கு, வால் பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று நட்டை மாற்றச் சொல்லி எழுதினேன்.

இங்கே மற்ற இரண்டு பேரும் இறக்கையை மறுபடி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஐப்பசி மழை விழுந்து கண்மாய்க்குத் தண்ணீர் வர இன்னும் எட்டு ஞாயிறு இருக்கிறது.